காபி நிற ஹாலும் பூனை வீட்டு சோபாவும்: வாசகர் கேள்விகள்

எங்கு பார்த்தாலும் பழுப்பு நிறம்தான். வெளிச்சம் குறைந்த எங்கள் ஹாலுக்குக் காபி நிறம் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் ஃபேஷனை நம்பி வேண்டாம். ஆண்டுதோறும் ‘ஆண்டின் நிறம்’ அறிவிக்கும் பான்டோன் நிறுவனம் 2025-க்குத் தேர்ந்தெடுத்தது மோக்கா மூஸ் என்ற காபிப் பழுப்பு. 2026-க்கு கிளவுட் டான்சர் என்ற வெள்ளைக்குத் தாவிவிட்டார்கள். நாம் வருடாவருடம் சுவரைச் சுரண்ட முடியுமா?

பெயின்ட் அட்டையில் எல்ஆர்வி என்ற எண் இருக்கிறதா பாருங்கள்; நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. 0 என்றால் ஒளியை முழுக்க விழுங்கும் கறுப்பு, 100 என்றால் முழுவதையும் திருப்பி அனுப்பும் வெள்ளை. காபி நிறங்கள் பெரும்பாலும் கீழ்ப்பாதியில்தான் நிற்கும். அப்புறம், பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், இரவு என்று ஒவ்வொரு சுவரிலும் சாய்த்து வைத்துப் பாருங்கள். நேராகச் சுவரில் அடித்துப் பார்த்தால், பக்கத்திலிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். போனில் பார்த்த நிறத்தை நம்பி என் படுக்கையறையைச் சேற்று நிறமாக்கியவன் நான். தப்பு பெயின்டில் பாதி, பல்பில் பாதி. 6500 கெல்வின் வெள்ளை பல்பை எடுத்துவிட்டு 2700 கெல்வின் மஞ்சள் பல்பை மாட்டியதும் அதே சுவர் இதமாகிவிட்டது. அதனால் பல்பை முதலில் முடிவு செய்யுங்கள்.

பிளாஸ்டிக் பெயின்ட் அடித்த சுவரில் லைம்வாஷ் பூசலாமா?

நேரடியாகக் கூடாது. லைம்வாஷ் என்பது நீர்த்த சுண்ணாம்புதான். சுவருக்குள் ஊறி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு கல்லாக இறுகும். பெயின்ட் படலத்தில் அது ஊறவே முடியாது, உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு பிடித்துக்கொள்ள உதவும் மினரல் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட்டுப் பூசுங்கள்.

சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிளா, குவார்ட்ஸா?

மார்பிள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் பளபளப்பு போய்த் தழும்பு விழும். சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சு கறையைத் தடுக்கும், இந்த அரிப்பைத் தடுக்காது. அந்தத் தழும்புகளை அழகு என்று ஏற்பவர்களுக்கு மட்டும் மார்பிள். கடையில் குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல் அமிலத்தைத் தாங்கும்; ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே வைக்கக் கூடாது. இன்னொன்று: அதை வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசு தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைக் கற்களைத் தடை செய்தது. என் ஓட்டு கிரானைட்டுக்கு. பாலிஷ் போடாத மேட் ரகம் பாருங்கள், பழைய பாணியாகத் தெரியாது.

பூக்லே துணி சோபா வாங்க ஆசை. வீட்டில் பூனை உண்டு.

வேண்டாம். அந்தத் துணி முழுக்க நூல் வளையங்கள். நகம் மாட்டினால் இழுபடும். நெருக்கமான இழை கொண்ட வெல்வெட் பாருங்கள். துணி எத்தனை தேய்ப்புகளைத் தாங்கும் என்று சொல்லும் மார்ட்டின்டேல் எண் 25,000-க்கு மேல் இருக்கட்டும்.

பிரம்புப் பின்னல் நாற்காலி தொய்ந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

அவசரப்படாதீர்கள். இயற்கைப் பிரம்பு என்றால், கவிழ்த்துப் போட்டு ஈரத்துணியால் அடிப்பக்கத்தை நன்றாக நனைத்து, நிழலில் உலர விடுங்கள். காயும்போது தானே இறுகும். முழுதாகக் காயும்வரை யாரும் உட்கார வேண்டாம்.