பதில்: 3/4 + 1/6 = 4/10 என்று போடும் ஆறாம் வகுப்பு மகள்

மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டிவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். என் பையனும் போன வருஷம் இதையேதான் செய்தான். மீ.சி.ம-வை (மீச்சிறு பொது மடங்கு, இரண்டு எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சின்ன எண்) அப்புறம் பார்க்கலாம், முதலில் கடிகாரத்தைக் காட்டுங்கள்.

தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம், இறங்கி ஷேர் ஆட்டோவில் 1/6 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் விடைப்படி 4/10 மணி, அதாவது மொத்தமே 24 நிமிஷம். ரயிலில் மட்டுமே 45 நிமிஷம் போச்சே என்று கேளுங்கள். அவளே சிரித்துவிடுவாள்.

45 நிமிஷமும் 10 நிமிஷமும் 55. இங்கே நீங்கள் செய்தது, இரண்டையும் ஒரே அளவுத் துண்டாக, 60-ல் ஒன்றாக, மாற்றியதுதான். 60 வேண்டாம், 4-ம் 6-ம் மீதியின்றி வகுக்கிற சின்ன எண் 12 போதும். 3/4 என்பது 9/12, 1/6 என்பது 2/12. கூட்டினால் 11/12. 4-ஐயும் 6-ஐயும் பெருக்கி 24 வைத்தாலும் தப்பில்லை. 22/24 வரும், சுருக்கினால் அதேதான். பரீட்சையில் பதற்றமானால் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

அவளுக்குக் கதை பிடிக்குமென்றால் 'மாகாணி' என்ற பழைய தமிழ்ப் பின்னத்தைச் சொல்லுங்கள். மா 1/20, காணி 1/80. மாவை 4/80 ஆக்கிக் காணியைக் கூட்டினால் 5/80, அதாவது 1/16. வீசம் என்பதும் அதே அளவுதான்.