டயர்க்கடைக் கேள்வி பதில்

கேள்வி: 2018-ஆம் வருட போர்ஷே 718 கேமன் கார் ஒன்றைக் கைமாற்றாக வாங்கி ஓட்டுகிறேன். முன்னால் 235/45, பின்னால் 265/45, எல்லாம் 18 அங்குல வீல். பின் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டையாகிவிட்டன. முன் டயரில் பட்டன் (ரோட்டில் படும் வரிப் பள்ளம்) நன்றாகவே இருக்கிறது. கடையில் கேட்டால், “265/45 கையிருப்பு இல்லீங்க, 265/40 இருக்குது, அஞ்சுதானுங்க வித்தியாசம்” என்கிறார்கள். மாட்டலாமா? ஞாயிறானால் வால்பாறை போவேன். வருடத்தில் ஓரிரு முறை செட்டிபாளையம் கரி டிராக்கிலும் ஓட்டுவேன்.
— வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாங்க தம்பி. அந்த அஞ்சு, அஞ்சு மில்லிமீட்டர் அல்ல. 265 என்பது டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு பக்கச்சுவரின் உயரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 265/45 மாட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 696 மி.மீ. 265/40 என்றால் 669. இருபத்தேழு மில்லி போய்விடுகிறது. வண்டியின் பின்பக்கம் 13 மில்லி இறங்கும். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள்!

இன்னொன்று, உங்கள் முன் சக்கரமும் அதே 669-தான். பின் சக்கரம் பெரிது என்று நம்பித்தான் வண்டியின் கணினி நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒரே உயரமானால், பின் சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது என்று அது தப்பாக எடுத்துக்கொண்டு வளைவில் பிரேக்கைத் தொடலாம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவில் உங்களுக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

கையிருப்பு இல்லை என்று கடைக்காரர் சொன்னதை நம்பலாம். 2020 ஜூன் மாதம் புது டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டதிலிருந்து இந்த மாதிரி அளவுகளுக்குக் காத்திருப்பது பழகிவிட்டது. முன்பணம் கட்டிக் காத்திருங்கள். அதுவரை கேமன் கொட்டகையில் நிற்கட்டும்.

காத்திருக்கும் நாளில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்தது டயரின் குற்றம் அல்ல. இந்த வண்டிகளில் பின் சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாய்ந்துதான் இருக்கும், வளைவில் பிடிமானத்துக்காக. அந்தச் சாய்மானமோ சக்கரம் நேராகப் பார்க்கும் கோணமோ அளவு மீறியிருந்தால் புது டயரும் அதே இடத்தில் மொட்டையாகும். பணம் கரியாகும்.

அப்புறம், முன் டயரில் பட்டன் இருக்கிறது என்கிறீர்களே, பிறந்த தேதி பார்த்தீர்களா? பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1118 என்றால் 2018-இன் 11-ஆவது வாரம். ஆறு வருடத்துக்கு மேல் வயதான டயர் வேண்டாம் என்பது போர்ஷே சொல்வது. நான் இதில் பட்டவன். கடை போட்ட புதிதில் ஒரு மொத்த வியாபாரி தந்த டயரைத் தேதி பார்க்காமல் ஒருவருக்கு மாட்டிவிட்டேன். பட்டன் அத்தனையும் புதிது. மூன்றாம் மாதம் பவானி ரோட்டில் பக்கச்சுவர் வெடித்து நின்றார். ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் என் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. அதிலிருந்து முதலில் தேதி, பிறகுதான் விலை.

முன் டயரும் அந்தக் காலத்ததாக இருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல். போர்ஷே சோதித்து ஒப்புக்கொண்ட டயரில் ‘என்’ எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும்; பைரெல்லி பி ஜீரோ உங்கள் அளவிலேயே அப்படி வருகிறது. எடைக் குறியீடு 101 என்றால் ஒரு டயர் 825 கிலோ தாங்கும். வேக எழுத்து ‘ஒய்’ என்றால் மணிக்கு 300 கி.மீ. வரை தாங்கும். அவிநாசி ரோட்டில் அதற்கு வேலை இல்லைதான், ஆனால் அந்த எழுத்தைக் குறைத்து வாங்கினால் சூடு தாங்கும் திறனும் குறையும்.

டிராக் ஆசையில் பாதி ரேஸ் டயர் பக்கம் போகாதீர்கள். அந்த ரகமான மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2-இல் தேய்மான எண் 180, ரோட்டுக்கான பைலட் ஸ்போர்ட் 4 எஸ்-இல் 300; எண் குறைந்தால் சீக்கிரம் தேயும். கப் 2 சூடான தார் மேல் ஒட்டிக்கொள்ளும். ஜூலை மாத வால்பாறை மழையில் தண்ணீர் மேல் மிதக்கும். வருடத்தில் இரண்டு நாளுக்காக ஐம்பது ஞாயிற்றுக்கிழமையைப் பணயம் வைக்கலாமா? மாட்டியதும் முதல் 300 கிலோமீட்டர் நிதானம். புது ரப்பரின் மேல் வழவழப்பு போகட்டும்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் டயர் தேயாதாமே?
— வாசகர், ஈரோடு

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் கண்ணு. கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன் காற்றை அளந்தால் போதும்.

கேள்வி: என் ஸ்விஃப்ட் காருக்கு ரீட்ரேட் (தேய்ந்த டயர் மேல் புதுப் பட்டன் ஒட்டுவது) போடலாமா?
— வாசகர், சங்ககிரி

பதில்: சங்ககிரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! நான் தொழில் கற்றது அங்கேதான், லாரி டயருக்கு ரீட்ரேட் ஒட்டி. லாரிக்கு ஒட்டலாம். காருக்கு நான் ஒட்டித் தர மாட்டேன்.