நர்சிங் மாணவிக்கு ஏஐ எதற்கு?

அன்புள்ள சார்,

நான் பி.எஸ்சி நர்சிங் மூன்றாம் ஆண்டு. போன வாரம் எங்கள் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். சர்டிபிகேட் உண்டு என்பதால் ஹால் நிரம்பியது, சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேரைக் காணோம். எம்.பி.பி.எஸ் படிக்கும் என் அண்ணன், மிஷின் வந்துவிடும் என்று, ஸ்கேன், எக்ஸ்ரே படம் பார்த்து நோய் சொல்லும் ரேடியாலஜி ஆசையையே விட்டுவிட்டான். காலையில் வார்டு போஸ்டிங், ராத்திரி கேர் பிளான் எழுதவே நேரம் போதவில்லை. இதில் கோடிங் வேறு எங்களுக்குத் தேவையா?

எம்.

அன்புள்ள எம்,

கோடிங் தேவையில்லை. நிம்மதியாகக் கேர் பிளான் எழுதுங்கள். பாதியில் எழுந்து போனவர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை, வார்டில் நின்று கால் கடுத்து வந்தவர்களுக்கு நியூரல் நெட்வொர்க் படம் போட்டுக் காட்டினால் நானும் நழுவித்தான் இருப்பேன்.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். ஐந்து வருஷத்தில், மிஞ்சினால் பத்தில், மிஷின் முந்திவிடும், ரேடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்தலாம் என்று ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் சொன்னது 2016இல். அவருக்கு 2024இல் இயற்பியல் நோபலே கிடைத்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக நாம் காத்துக்கிடப்பது மட்டும் மாறவில்லை.

ஆனால் நமக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நீங்கள் நினைத்தால், தாய்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்லும் கூகுளின் மென்பொருள் ஒன்று இருக்கிறது, நம் மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் எடுத்த படங்களும் சேர்ந்துதான் அது உருவானது. சோதனைகளில் நல்ல பெயர். அதைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். கேமரா பிடித்தது யார்? நர்ஸ்கள்தான். பல இடங்களில் இருட்டறை கிடையாது, வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிப் படம் மங்கலாக விழும், போதாததற்கு இன்டர்நெட் இழுவை. முதல் ஆறு மாதத்தில் போட்ட 1838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று மிஷின் தள்ளிவிட்டது. தள்ளினால் நோயாளி இன்னொரு நாள் வேறு இடத்துக்குப் போய்க் காட்ட வேண்டும், அன்றைய வேலை போச்சு, பஸ் காசும் போச்சு. இந்தக் கண்ணில் ஒன்றுமில்லை என்று நர்ஸுக்குப் படுகிறது, மிஷின் மாட்டேன் என்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மென்பொருள் எழுதியவர் இல்லையே, உங்களைப் போன்ற ஒருவர்.

அப்புறம், இதற்கு வேண்டிய பாடத்தை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். கம்யூனிட்டி ஹெல்த்தில் ஸ்கிரீனிங் பாடம் வருமே, சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்று மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துபோவது, அதுதான். முதலாவது, நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பது, இரண்டாவது, நோயில்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுகிறது என்பது. மிஷின் இரண்டிலும் 90 சதவீதம் என்கிறார்கள், கைதட்டுகிறோம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் ஒன்பது பேரை அது பிடிக்கும், நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, பயந்துபோய் உங்கள் முன்னால் வரும் 108 பேரில் நிஜமாக நோய் உள்ளவர்கள் ஒன்பதே பேர், பன்னிரண்டில் ஒருவர். இதைப் பேப்பரில் போட்டுப் பார்க்கத் தெரிந்த மாணவியை எந்த விற்பனைப் பிரதிநிதியும் ஏமாற்ற முடியாது.

அடுத்த முறை வகுப்பு வைத்தால் சாப்பாட்டுக்குப் பிறகும் உட்காருங்கள். இதை யாருடைய படங்களை வைத்துப் பழக்கினீர்கள், எங்கள் மாதிரி ஆஸ்பத்திரியில் ஓட்டிப் பார்த்தீர்களா, தப்பாகச் சொன்னால் கேஸ் ஷீட்டில் கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.