என்ஜிஓ வேலைக்கு வர்ற இளைஞர்கள் ஏன் ரெண்டு வருஷத்துல கிளம்பிடறாங்க? அவங்களை எப்படி தக்க வைக்கிறது?

நான் பதினோரு வருஷமா இந்த வேலைல இருக்கேன், முதல் ஆறு வருஷம் ஃபீல்டு, அப்புறம் டீமை பாத்துக்கற பொறுப்பு. உங்க கேள்வில "இப்ப உள்ள பசங்களுக்கு சேவை மனப்பான்மை குறைஞ்சிடுச்சா"ன்னு ஒரு வரி இருக்கு, அதுக்கு முதல்ல சொல்லிடறேன், சத்தியமா இல்லங்க. வர்ற பசங்ககிட்ட மனசு நெறையவே இருக்கு, அதை நம்பித்தான் நாம மத்த எதையும் சரி பண்ணாம விட்டுடறோம்.

என் டீம்ல ஒரு பொண்ணு இருந்தா. ஸ்கூல விட்டு நின்ன பிள்ளைகளை திரும்ப சேர்க்கற ப்ராஜெக்ட். வேலையை விட்டு போற அன்னைக்கு என்கிட்ட ஒரு நோட்டு குடுத்தா, பிள்ளைக்கு ஒரு பக்கம்னு எழுதி வச்சிருந்தா. "அப்பாகிட்ட பேசாதீங்க, பாட்டிகிட்ட பேசுங்க", "காலைல தம்பியை இவன்தான் பாத்துக்கறான், சாயங்காலம் போங்க" இப்படி. கடைசி பக்கத்துல பென்சில்ல ஒரு கணக்கு, வாடகை, தங்கச்சி ஃபீஸ், அதுக்கு கீழ ஏழு மாசமா சம்பளம் எத்தனாம் தேதி வந்துச்சுன்னு. ரெண்டு மாசம் கூட ஒரே தேதி இல்ல. ப்ராஜெக்ட் முடிய ஆறு வாரம் இருக்கும்போது அடுத்த காண்ட்ராக்ட் உண்டான்னு மூணு தடவை கேட்டா, நான் மூணு தடவையும் "பாத்துக்கலாம்மா"ன்னேன். ப்ராஜெக்ட்டுக்கு பணம் குடுக்கற டோனர்கிட்ட இருந்து பதில் வரல, எனக்கே தெரியாது. ஆனா "தெரியலம்மா, இந்த தேதிக்குள்ள சொல்றேன், வரலன்னா வேற எடம் தேட நானே கூட நிக்கறேன்"ன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லல. இன்னைக்கும் உறுத்துது.

இதுக்கு வேர் பணத்துலதான் இருக்கு. பல டோனர்கள் பொருளுக்கும் கேம்புக்கும் குடுக்கற பணத்தை ஆளோட சம்பளத்துக்கும் ட்ரெய்னிங்குக்கும் குடுக்க யோசிப்பாங்க, ஓவர்ஹெட்னு, அதாவது நிர்வாகச் செலவுன்னு வெட்டுவாங்க, நாமளும் பணம் கேட்டு எழுதற அடுத்த ப்ரொபோசல்ல பயந்து இன்னும் குறைச்சு காட்டுவோம், அதைப் பாத்து அவங்க இதுவே போதும் போலன்னு நினைப்பாங்க. ஸ்டான்ஃபோர்ட் சோஷியல் இன்னொவேஷன் ரிவ்யூங்கற பத்திரிகைல 2009ல இதைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, பட்டினிச் சுழற்சின்னு பேர் வச்சாங்க. 2013ல கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் மாதிரி தொண்டு நிறுவனங்களை மதிப்பிடற அமைப்புகளே, ஓவர்ஹெட் சதவீதத்தை மட்டும் வச்சு எடை போடாதீங்கன்னு நன்கொடையாளர்களுக்கு திறந்த மடல் எழுதினாங்க. டோனர் மீட்டிங்ல இதை தைரியமா எடுத்துச் சொல்லுங்க, நான் சொல்லியிருக்கேன், சிலர் கேக்கவும் செஞ்சாங்க.

அடுத்தது பர்னவுட், அதாவது வேலைப் பளுவுல மனசும் உடம்பும் ஓஞ்சு போறது. இதை 1974ல விவரிச்சு எழுதுன ஃப்ராய்டன்பெர்கர்ங்கற உளவியலாளர் நியூயார்க்ல ஒரு இலவச கிளினிக்ல வேலை செஞ்சவங்களை பாத்துதான் எழுதினார், அதுலயும் ரொம்ப அர்ப்பணிப்போட இருக்கறவங்கதான் சீக்கிரம் விழறாங்கன்னார். அதனால ஞாயித்துக்கிழமையும் ஃபீல்டுக்கு ஓடற பையனை பாத்தா இப்பல்லாம் எனக்கு சந்தோஷத்தை விட கவலைதான் முதல்ல வருது. லீவு நாள்ல வேலை செஞ்சா அதுக்கு பதிலா காம்ப் ஆஃப் லீவு கட்டாயம் எடுக்க வைக்கறோம், மனசை உலுக்கற கேஸ் ஏதாவது பாத்துட்டு வந்தா அன்னைக்கு ரிப்போர்ட் கேக்கறதில்ல, ஒரு மணி நேரம் சீனியர் ஒருத்தர் கூட உக்காந்து பேசணும் அவ்ளோதான்.

ஆள் எடுக்கும்போது விளம்பரத்துலயே சம்பளத்தை போட்டுடுங்க. "ஆர்வமும் அர்ப்பணிப்பும் வேணும்"னு மட்டும் போட்டா வீட்ல வசதி இருக்கறவங்கதான் துணிஞ்சு வருவாங்க, நாம வேலை செய்யற மக்கள்ல இருந்தே வரக்கூடிய பசங்க வர முடியாது, எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கற விஷயம்.

இரண்டாவது வருஷத்துல ஒரு சின்ன பட்ஜெட்டை அவங்க கையில குடுங்க, அவங்க எழுதுன ரிப்போர்ட்ல அவங்க பேர் இருக்கட்டும், டோனர் மீட்டிங்குக்கு கூட்டிட்டு போங்க. பத்து வருஷமா டைரக்டர் மட்டுமே பேசற எடத்துல இருபத்தஞ்சு வயசு பையன் தனக்கு என்ன எதிர்காலம்னு நினைப்பான் சொல்லுங்க.

எல்லாம் செஞ்சும் சிலர் போவாங்க, போகட்டும், நல்லபடியா அனுப்புங்க. ஆனா காண்ட்ராக்ட் முடிய மூணு மாசம் இருக்கும்போதே, உண்டா இல்லையா, இல்ல இன்னும் தெரியலயா, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுத்துடறதுன்னு நாங்க இப்ப வச்சிருக்கோம். உங்க டீம்ல யாருக்காவது அப்படி முடியப் போகுதுன்னா இந்த வாரமே கூப்பிட்டு உக்காந்து பேசிடுங்க.