கோரைச் சிலுவை பின்னலாமா?

கேள்வி: அயர்லாந்தில், கில்டேரில் இருக்கிறோம். பிப்ரவரி 1 பிரிஜிட் நாளுக்குக் கோரைச் சிலுவை பின்ன வேண்டும் என்று எட்டு வயது மகள் அடம்பிடிக்கிறாள். சிலுவை என்றதும் என் மாமியார் முகம் சுளிக்கிறார். நமக்குப் பழக்கமில்லாத பண்டிகையை வீட்டில் கொண்டாடலாமா?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகக் கொண்டாடுங்கள். புனித பிரிஜிட் மடம் அமைத்த ஊரிலேயே இருக்கிறீர்கள்! 2023 முதல் இதற்கு அரசு விடுமுறையும் உண்டு.

அந்தப் புனிதருக்கு முன்பே, கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லர் தொழிலுக்கும் உரிய தெய்வமாக ஒரு பிரிஜிட்டை அயர்லாந்து மக்கள் கும்பிட்டிருக்கிறார்கள். நாளின் பழைய பெயர் இம்போல்க். ஆடுகள் குட்டி போட்டுப் பால் சுரக்கும் வசந்தத் தொடக்கம். சிலுவையை வீட்டுக்குள் வாசல் மேலே செருகி வைப்பது வீடு தீப்பிடிக்காமல் காக்கும் என்ற நம்பிக்கையில்தான். நிலைப்படியில் மாவிலை கட்டுகிறவருக்கு இது அந்நியமாகத் தெரியாது. மாமியாரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லையா, வற்புறுத்தாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அது புனிதரின் சின்னமும்தான்; அதை மறைத்துச் சம்மதம் வாங்க வேண்டாம்.

சரி, பின்னுவதற்கு வருவோம். ஈர வயல்களில் கோரை போன்ற புல் வளர்ந்திருக்கும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு, அறுக்காமல் கையால் பிடுங்குங்கள்; அதுதான் வழக்கம். காய்ந்திருந்தால் தண்ணீரில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் மடிக்கும்போது ஒடியும். ஒரு தண்டை நேராகப் பிடித்து, இன்னொன்றைப் பாதியாக மடித்து அதன் நடுவில் மாட்டுங்கள். முனைகள் வலப்பக்கம் நீட்டியிருக்கட்டும். இடப்புறமாகக் கால்வட்டம் திருப்பினால் அந்த முனைகள் மேலே வரும். அடுத்த தண்டை மடித்து அவற்றின் மேல், முனைகள் வலப்பக்கம் வரும்படி மாட்டுங்கள். மறுபடி திருப்பல், மறுபடி மாட்டல். நடுச் சதுரம் நெருக்கமாக வரும்வரை இதேதான். மையத்தை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்வதில்தான் குழந்தைகள் தடுமாறுவார்கள். அந்தப் பிடியை நீங்கள் எடுத்துக்கொண்டு, திருப்புவதை மகளிடம் விடுங்கள். கடைசியில் நாலு கைகளையும் நூலால் கட்டி, முனைகளை வெட்டிவிடலாம். வண்ணக் கம்பிகளிலும் செய்யலாம்தான், ஆனால் பச்சைப் புல்லின் வாசனை அதில் வராது.

மாமியாருக்குச் சிலுவை வேண்டாம் என்றால் அவரிடம் துணியைக் கொடுங்கள். ஜனவரி 31 இரவு ஒரு துண்டுத் துணியை வெளியே போட்டுவைப்பார்கள். பிரிஜிட் அந்த வழியாகப் போகும்போது ஆசி கொடுப்பாள் என்பது ஐதீகம். காலையில் எடுத்துப் பத்திரப்படுத்தி, தலைவலி வந்தால் நெற்றியில் கட்டிக்கொள்வார்கள்.