பெருங்கொடைப் பணி: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகங்களுக்குப் பெருங்கொடை திரட்டும் குழுக்களை வழிநடத்துவது குறித்து இரு மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் ஐந்தை இங்கு எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயர்களையும் அவர்கள் பணிபுரியும் நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு அண்மையில் பொறுப்பேற்றேன். மாதந்தோறும் எவ்வளவு வந்தது என்று துணைவேந்தர் அலுவலகம் கேட்கிறது. ஆறு மாதங்களாகச் சொல்லும்படியான தொகை எதுவும் வரவில்லை. குழுவின் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது? (ஓசூர்)

மாத வசூல் என்பது கல்விக் கட்டணப் பிரிவுக்குப் பொருந்தும் கணக்கு. ஒருவர் தம் வாழ்நாள் உழைப்பிலிருந்து ஒரு கோடியை எடுத்துக் கொடுப்பதற்கு, அவர் மட்டுமல்லாமல் அவருடைய குடும்பமும் கணக்காளரும் சேர்ந்து யோசிக்க வேண்டியிருப்பதால், முதல் சந்திப்பிலிருந்து ஓராண்டோ இரண்டாண்டோ கழிவது இயல்பு. ஆகவே துணைவேந்தரிடம் நான்கு எண்களைக் கொண்டு செல்லுங்கள்: இந்த மாதம் நேரில் சந்தித்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் அடுத்த படிக்கு நகர்ந்தவர்கள் எத்தனை பேர், தொகை குறிப்பிட்டு எழுத்தில் வைத்த முன்மொழிவுகள் எத்தனை, முன்பே கொடுத்தவர்களுள் தம் பணம் என்ன ஆயிற்று என்று நேரில் கேட்டறிந்தவர்கள் எத்தனை பேர். நான்காவது எண்ணைப் பெரும்பாலான அலுவலகங்கள் எழுதுவதே இல்லை. அடுத்த கொடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் அனுபவம்.

ஒவ்வொருவருக்கும் இருநூறு கொடையாளர் பெயர்களைப் பகிர்ந்து கொடுப்பதில் பயனில்லை. ஓசூரிலிருந்து அரூருக்குப் போய்த் திரும்பினாலே ஒரு நாள் கழிந்துவிடும் நிலப்பரப்பில், ஒருவரால் உண்மையான உறவு பேண முடிவது ஐம்பது குடும்பங்களோடுதான் என்று நான் கருதுகிறேன். தலைவராகிய நீங்களும் பத்துப் பேரையாவது உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். களத்துக்கே போகாத தலைவரால் மற்றவர்களின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. பட்டமளிப்பு விழா அழைப்பிதழ் அச்சிடுவது, விருந்தினரை வரவேற்பது போன்ற வேலைகள் உங்கள் குழுவின் தலையில் விழாமல் தடுப்பதும் உங்கள் கடமையே.

முதல் பெரிய கொடைகள் வரும்வரை பொது வேண்டுகோளுக்கு அவசரப்படவும் வேண்டாம். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். அமெரிக்காவில் வாழும் தமிழ் மருத்துவர்கள் இருவர் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்த பிறகுதான் உலகெங்கும் உள்ள தமிழர்கள் சேர்ந்துகொண்டார்கள். 2017-இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. 2018-இல் இலக்கு நிறைவேறியது.

எங்கள் ஊர் மாங்கூழ் ஆலை உரிமையாளர் ஒருவர் பத்தாண்டுகளாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் அனுப்புகிறார். அவரிடம் 50 லட்சம் கேட்கலாமா? எப்படிக் கேட்பது? (கிருஷ்ணகிரி)

கேட்கலாம், ஆனால் அடுத்த வாரமே வேண்டாம். அந்தப் பத்தாண்டுகளில் பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது அவருடைய ஆலைக்குப் போய் உட்கார்ந்து பேசியதுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தகுதியறிந்து விரும்பிக் கொடுப்பது தினையளவே ஆயினும் இனிது என்றும் அவர் சொன்னதைப் புறநானூற்றின் 208-ஆம் பாடலில் காண்கிறோம். அன்று பரிசில் பெற வந்தவருக்கு இருந்த அந்த மனம் இன்று கொடுப்பவரிடம் இருக்கிறது. பத்து ரசீதுகளைத் தபாலில் பெற்றவரிடம் பதினோராம் முறை முகம் காட்டி 50 லட்சம் கேட்டால், அவர் தம்மை ஒரு காசோலையாக மட்டுமே பார்க்கிறார்கள் என்று எண்ணுவார்.

பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்து ஆலை இரவும் பகலும் ஓடும் ஜூன், ஜூலையில் போகாதீர்கள். பருவம் முடிந்தபின் உணவுப் பதப்படுத்தல் துறைப் பேராசிரியர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, ஆலையைச் சுற்றிப் பார்த்து, அவருக்கு எதில் அக்கறை என்று கேட்டறியுங்கள். ஆய்வகமா, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான உதவித்தொகையா என்பதை அவர் பேச்சே சொல்லிவிடும். மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பில், அவருடைய மனைவி மக்களும் இருக்கும்போது, தொகையைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். ‘தங்களால் இயன்றதை’ என்று சொல்வது பணிவாகத் தோன்றினாலும், எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடும் சுமையை அவர்மீது ஏற்றிவிடுகிறது. கேட்ட பின் அவர் வாய் திறக்கும்வரை நீங்கள் பேசாதிருங்கள்.

சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியைப் பெற்று, வட்டியில் நடக்கும் நிரந்தர உதவித்தொகை நிதி ஒன்றை அமைக்க இயலுமா? (ஓசூர்)

இயலாது. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆவது பிரிவுக்கு உட்பட்ட நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அவற்றுள் ஒன்று. ஆனால் 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பின் மூலநிதியில், அதாவது செலவிடாமல் வட்டிக்காக வைக்கும் முதலில், சேர்க்கும் தொகை சிஎஸ்ஆர் செலவாகக் கொள்ளப்படுவதில்லை. மூன்றாண்டுத் திட்டமாக, ஆண்டுதோறும் செலவாகிக் கணக்குக் காட்டக்கூடிய உதவித்தொகையாக முன்மொழியுங்கள். உங்கள் பல்கலைக்கழகமே அப்பணியை ஏற்று நடத்துவதாயின் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் வழியாகப் பதிவெண் பெற்றிருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிரந்தர நிதியை அந்நிறுவனத்தை நிறுவிய குடும்பத்தின் சொந்தப் பணத்திலிருந்து கேட்பதே முறை. அது வேறு உரையாடல்.

அமெரிக்காவில் உள்ள எங்கள் முன்னாள் மாணவர் பெருந்தொகை தர விரும்புகிறார். வழக்கமான வங்கிக் கணக்கில் பெறலாமா? (தருமபுரி)

அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தம் சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, பெறலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால், ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. அப்போது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் இதற்கெனத் தொடங்கிய கணக்கில்தான் வந்து சேர வேண்டும். கடவுச்சீட்டைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கொடை தர முன்வந்த ஒருவர், தம் உறவினர் பிள்ளைக்கு இந்த ஆண்டு ஓர் இடம் வேண்டும் என்கிறார். மேலிடம் தயங்குகிறது, குழுவில் உள்ளவர்களோ விட மனமில்லாமல் இருக்கிறார்கள். (பாலக்கோடு)

விட்டுவிடுங்கள். சேர்க்கைக்கு ஈடாகப் பெறும் பணம், எந்தப் பெயரில் ரசீது எழுதினாலும் நன்கொடை அன்று. சேர்க்கைக்காக வாங்கும் கட்டாய நன்கொடையை (கேப்பிடேஷன் கட்டணத்தை) தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. என் பணிக்காலத்தில் இதே காரணத்துக்காக ஒரு பெருந்தொகையை மறுத்த நாளில், அதற்காக எட்டு மாதம் அலைந்த இளம் அலுவலர் கண்கலங்கிப்போனார். அவருடைய எட்டு மாத உழைப்பு அந்த ஆண்டு மதிப்பீட்டில் குறையாகப் பதிவாகாமல் பார்த்துக்கொண்டேன். நீங்களும் மறுப்பைச் சொல்லும் பொறுப்பை அலுவலரிடம் விடாமல் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். சேர்க்கை முடிந்த பிறகு, எதையும் எதிர்பாராமல் கொடுக்க விரும்பினால் மீண்டும் வந்து பேசுவதாகவும் தெரிவியுங்கள். அப்படி மீண்டும் அழைத்தவர்களும் இருக்கிறார்கள்.