ரயில் சாப்பாட்டுக்குக் கூடுதல் காசு: பில் இல்லாவிட்டாலும் புகார் கொடுங்கள்

சென்ட்ரலில் ஏறி டெல்லி போகும் எக்ஸ்பிரஸில் அம்மாவுக்கு வாங்கிய சைவச் சாப்பாட்டுக்கு 120 ரூபாய் வாங்கிக்கொண்டு, "மிஷின் ரிப்பேர்" என்று பில்லும் தரவில்லை என எழுதியிருக்கிறீர்கள். இதை விடாதீர்கள். மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சாதா சைவச் சாப்பாடு வரி உட்பட 80 ரூபாய்தான். பில் தராவிட்டால் காசே தர வேண்டாம் என்று ரயில்வேயே அறிவித்திருக்கிறது.

ரயில்வேயின் புகார் செயலியான ரயில்மதத்திலோ, அதன் உதவி எண் 139-லோ புகார் கொடுங்கள். பிஎன்ஆர், பெட்டி எண், எந்த ஸ்டேஷன் தாண்டி வாங்கினீர்கள் என்பதெல்லாம் வேண்டும். சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் படம் எடுத்திருந்தால் சேர்த்துவிடுங்கள். க்யூஆர் கோடு இருந்தால் எந்தச் சமையற்கூடத்தில் இருந்து வந்தது என்பது அதில் தெரியும். ரயில்வேயின் 2017 உணவுக் கொள்கைப்படி, வண்டியில் தரும் உணவுக்குப் பொறுப்பு அதன் நிறுவனமான ஐஆர்சிடிசி. வண்டியில் விற்பது பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆட்கள். அந்தப் பையனோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது, பாவம். கேள்வி ஒப்பந்ததாரரிடம் போக வேண்டும்.

அம்மாவுக்கு அடுத்த முறை, ஐஆர்சிடிசியின் ஆன்லைன் உணவுச் சேவையான இ-கேட்டரிங்கில் சாப்பாட்டை முன்பே சொல்லிவிடுங்கள். விஜயவாடாவில் சீட்டுக்கே வரும்.